டாக்டர் எழுதிக் கொடுத்த கார்

ரயில்வே கேட்டை அடைத்துவிட்டார்கள். கலாமணி எஞ்சினை அணைத்தாள். அணைத்த பிறகும் நெஞ்சுக்குள் ஏதோ உறுமிக்கொண்டேயிருந்தது. அது மகள் மிருதுளா சற்று முன் போனில் சொன்ன சொல். "அம்மா, எங்க வந்துட்டிருக்கீங்க? அந்த வண்டியிலயா வர்றீங்க? செரி வாங்க, பரவால்ல. நான் தரணீஷ் வீட்டு அத்தைகிட்டச் சொல்லிட்டேன். உங்களுக்கு மூச்சுத் திணறல் இருக்குது, மூடின கார்ல உக்காரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அதனாலதான் டாப்பு இல்லாத வண்டின்னு. யாராச்சும் கேட்டா ஆமான்னு தலையாட்டுங்க போதும். வேற ஒண்ணும் பேசீராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பெற்ற அம்மாவுக்கு ஒரு நோயை ஏற்பாடு செய்துவிட்டு, பந்திக்கு இலை வந்ததா என்று பார்க்கப் போகிறவள் மாதிரி வைத்துவிட்டாள். கலாமணி கேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தண்டவாளத்தைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி, கோயில் மண்டபத்தில் இன்று மிருதுளாவுக்கு உப்புச்சக்கரை மாற்றுகிறார்கள். மாற்றிவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. மாப்பிள்ளை தரணீஷ் நல்ல பையன், மிருதுளா தானே பார்த்துப் பிடித்த பையன், அவன் வீட்டைச் சம்மதிக்க வைப்பதற்குள் பிள்ளை பாதியாகிப் போனாள். கடைசியில் எல்லாம் கூடிவந்த நேரத்தில் அவர்களுக்கு இடித்தது ஒன்றே ஒன்றுதான், பெண்ணின் அம்மா செவப்பு ஓப்பன் காரில் ஊரைச் சுற்றுகிறாளாமே என்பது. அதற்குத்தான் இந்த மூச்சுத் திணறல்.

வந்ததே ஆத்திரம். மூச்சுத் திணறலா, எனக்கா. இருபத்தைந்து வருஷமாக வார்ப்படப் பட்டறையில் கரிப்புகையையும் மண்தூசியையும் தின்று, உலை வாயை உடைத்து உருகின இரும்பை ஊற்றுகிற நாளில் ஆள் வராவிட்டால் தானே கரண்டியைப் பிடித்தவள். இன்றைக்குக்கூட காலையில் பம்பு மூடி ஊற்றுகிற வேலை நின்றுபோகக் கூடாது என்றுதான் அண்ணன் வேனில் எல்லோரோடும் கிளம்பாமல் பின்தங்கினாள். போன வருஷம் பட்டறை ஆட்கள் அத்தனை பேருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தபோது இவளுக்கும் எடுத்தார்கள், பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அந்த நெஞ்சுக்குத்தான் பெற்ற மகள் நோய் கட்டிவிட்டிருக்கிறாள். இப்போதுதான் புரிந்தது, அண்ணன் முத்துவேல் காலையில் அவ்வளவு பதவிசாகப் பேசியது. வண்டி வாங்கிய நாளிலிருந்து வாய்க்கு வந்தபடி ஏசியவன், வாசலில் அது நிற்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன், இன்று போன் பண்ணி, "ஏன் அம்மிணி, மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? ஒடம்பப் பாத்துக்க" என்றான். எதைச் சொல்கிறான் என்று விளங்காமல் செரிண்ணா செரிண்ணா என்று வைத்துவிட்டாள். அந்தச் செரிண்ணாவை இப்போது வாயிலிருந்து பிடுங்கி எறியலாம் போலிருந்தது. இத்தனை நாள் குணங்கெட்டவளாக இருந்தவள் ஒரே இரவில் பாவப்பட்டவளாகிவிட்டாள். நடுவில் நல்லவளாக இருக்க ஒரு இடமே கிடையாதா. நோயாளி என்றால் மன்னிப்பார்கள். ஆசைப்பட்டாள் என்றால் மன்னிக்க மாட்டார்கள். இதில் என்ன நியாயம், இதை யார் கேட்பது, எந்தச் சபையில் போய்க் கேட்பது.

பக்கத்தில் டவுன் பஸ் ஒன்று உரசுகிற மாதிரி வந்து நின்றது. ஜன்னல் முழுக்கத் தலைகள், எல்லாம் கீழே குனிந்து இவள் மடியைப் பார்த்தன. இந்த வண்டியில் அது ஒன்றுதான் தொந்தரவு, மேலே இருக்கிறவர்களுக்கெல்லாம் நாம் கிணற்றுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. பட்டுச்சேலை, நரைத்த கொண்டை, மூக்குக்கண்ணாடி, ஸ்டியரிங்கில் தழும்பு விழுந்த கை, எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவார்கள். வந்ததும் ஒரு குழப்பம் வரும் பாருங்கள், அது அவளுக்கு மனப்பாடம். ஏனென்றால் இந்த மாதிரி வண்டிக்கு ஊர் ஏற்கெனவே ஆட்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. வயசுப் பையன் ஓட்டினால் அப்பன் காசு. மை பூசின தலையோடு ஆம்பளை ஓட்டினால் எங்கேயோ இன்னொரு வீடு இருக்கிறது. சின்னப் பெண் ஓட்டினால் சினிமாக்காரி, இல்லையென்றால் எவனோ வாங்கிக் கொடுத்தது. ஐம்பத்தாறு வயசில், புருஷனைப் பறிகொடுத்தவள், கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கிறவள் ஓட்டினால்? அதற்கு ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. அதனால் ஆளுக்கொன்றாகப் புனைந்தார்கள். புருஷன் போன துக்கத்தில் தலை கழன்றுவிட்டது என்றார்கள் பக்கத்து வீதியில். எவனோ பழக்கிக் கொடுத்திருக்கிறான் என்று மண்டபங்களில் பேசிக்கொண்டார்கள். பட்டறையை விற்கப் போகிறாள், அதற்கு முன் அனுபவிக்கிறாள் என்றும் ஒரு கட்சி. கொத்தனார் முதல் கோயில் குருக்கள் வரை இந்த வண்டியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே இல்லை, ஓட்டுகிறவளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அபிப்பிராயம் என்றால் அவள் புருஷன் சென்னியப்பனைச் சொல்ல வேண்டும். ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்த மனுஷன். கறுப்பு வண்டி என்றால் நில புரோக்கர், ஜீப்பு என்றால் எஸ்டேட், ஹாரனை விடாமல் அடித்தால் புதுப்பணம். அவினாசி ரோட்டில் ஒருமுறை, மிருதுளா கைப்பிள்ளையாக இருந்தபோது, ஒரு ஓப்பன் கார் இவர்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவன் வாயை அகலத் திறந்து பாடிக்கொண்டே போனான். சென்னியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "அப்பன் சம்பாதிச்சது காத்துல போகுது பாரு" என்றார். இவள் ஆமாங்க என்று சிரித்தாள். சிரித்தாள்தான், ஆனால் என்ன பாட்டு அது? கண்ணாடி ஏறிவிட்டதால் கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. அந்த வாய் வருஷக்கணக்காக இவளோடு கூடவே வந்தது. அடுப்படியில் வந்தது, பட்டறைக் கணக்கு எழுதும்போது வந்தது, சென்னியப்பனை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு அலைந்த மாசங்களில்கூட ஒருநாள் வந்தது, அன்றைக்கு வெட்கமாக இருந்தது. என்ன பாட்டாக இருக்கும். நாலு பேர் பார்க்கிற ரோட்டில் ஒருத்தன் அப்படிப் பாடலாம் என்று எப்படித் தோன்றியது அவனுக்கு. சென்னியப்பன் கெட்டவரில்லை, அடித்தவரில்லை, ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் எல்லாவற்றுக்கும் கண்ணாடியை ஏற்றிவிடுகிற மனுஷன். அவர் போன பிறகு வாங்கினாள் என்கிறார்களே, அவர் இருக்கும்போது எப்படி வாங்குவது?

"ஏனுங்கக்கா." ஒரு ஆள் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து நின்றான். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கற்றையாகக் கல்யாணப் பத்திரிகை. "வண்டி மாப்பிள்ளை அழைப்புக்கு விடுவீங்களா? வாடகை என்னங்க?"

"வாடகைக்கு இல்லீங்க."

"இல்லீங்க, தங்கச்சிக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளைப் பையனுக்கு ஓப்பன் கார்தான் வேணுமாம். பழைய வண்டி ஒண்ணு சொல்லியிருந்தோம், அது நேத்து படுத்துக்கிச்சு. டிரைவரோடயா, டிரைவர் இல்லாமயா?"

"டிரைவர் நாந்தான்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆம்பள டிரைவர் ஒருத்தர நாங்களே போட்டுக்கறமுங்க. மாப்பிள்ளைய லேடீஸ் ஓட்டீட்டு வந்தா ஒரு மாதிரி இருக்கும், தப்பா நெனச்சுக்காதீங்க."

"இது என் சொந்த வண்டிங்க. வாடகைக்கு விடறதில்லை."

"சொந்த வண்டியா," என்றான். நம்பவில்லை. முன்பக்கம் போய் நம்பர் பலகையைப் பார்த்தான், மஞ்சள் இல்லை, வெள்ளை. பார்த்த பிறகும் தலையை ஆட்டிக்கொண்டே போனான். போய்ப் பஸ் கண்டக்டரிடம் ஏதோ சொன்னான். கண்டக்டர் சிரித்தான்.

இவர்களுக்கு ஓப்பன் கார் என்றால் மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை, முன்னால் மேளம், இரண்டு தெரு தூரம். அதற்குமேல் அதில் போக எவனுக்கும் உரிமையில்லை. ஒரு ஆம்பளைக்கு ஆயுளில் ஒரு சாயங்காலம், பொம்பளைக்கு அதுவும் கிடையாது, அவள் மண்டபத்தில் உட்கார்ந்து காத்திருப்பாள். கலாமணிக்குப் பல் நறநறத்தது. அவள் இந்த வண்டியைத் தேடிப் போகவில்லை. பந்தயக் கார் பழுது பார்க்கிற ஷெட்டுக்கு ஒரு வார்ப்பு கொடுக்கப் போனாள், மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த பையன் வெளிநாடு போய்விட்டான் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் பாயை இழுத்தான். சும்மா உட்கார்ந்து பாருங்க என்றான். உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் கதை. முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் ஆனைகட்டி ரோட்டில் தனியாக எடுத்துப் போனாள். கூரை இல்லாத வண்டிக்கு வாசனை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. செங்கல் சூளைப் புகை, அப்புறம் மழை பெய்த மண், அப்புறம் எங்கோ ஒரு வீட்டில் தாளிக்கிற கடுகு, ஒவ்வொன்றும் வந்து முகத்தில் பட்டுவிட்டுப் போனது. மலை திரும்புகிற இடத்தில் குளிர் திடீரென்று கழுத்தில் இறங்கியது, இவள் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். தானே கேட்டுத் திடுக்கிட்டாள். அது தன் சிரிப்பா. அவ்வளவு பெரிய சிரிப்பு அவள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. இதற்கு ஒரு டாக்டர் வேண்டுமா. இதற்கு ஒரு காரணம் வேண்டுமா. மிருதுளாவுக்கே ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். எனக்குப் புடிச்சிருக்குது கண்ணு என்றாள். "அதை வெளிய சொல்ல முடியுமாம்மா?" என்றாள் பிள்ளை. படித்த பிள்ளை, பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளை. அவளுக்கே புடிச்சிருக்குது என்பது ஒரு பதிலாகத் தெரியவில்லை.

கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக இழுத்துக்கொண்டு, தரையெல்லாம் நடுங்க, முடிவே இல்லாமல் போனது. இரும்புத் தூசி கலந்த காற்று அடித்தது, இவள் இழுத்தாள், மூச்சு பாதியில் நின்ற மாதிரி இருந்தது. திரும்ப இழுத்தாள். நிற்கிறதுதான். இல்லை, நிற்கவில்லை, பயம். பயமா, நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, போன வருஷப் படம் போன வருஷத்தோடு போச்சு, இந்த வருஷம் யார் கண்டது. மகள் போனில் காதோடு ஒரு பொய்யைச் சொல்லி, அது போய் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதா. இன்னும் கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் கூடி நின்று கேட்பார்கள், மூச்சு எப்படி இருக்குது என்று, தலையாட்டி ஆட்டி ஒருநாள் நிஜமாகவே திணறிச் சாவேன் போலிருக்கிறது. தலையாட்டினால் என்ன? ஒரு ஆட்டு. முத்துவேல் ஏச மாட்டான். சம்பந்தி வீட்டில் மதிப்பார்கள். மிருதுளா நிம்மதியாக இருப்பாள், அந்தப் பிள்ளை எத்தனை நாள் அழுதிருக்கிறது இந்தப் பையனுக்காக. தலையாட்டாவிட்டால் மகள் பொய்க்காரி என்று வாசல் மிதிக்கும் முன்பே பெயர் வாங்குவாள், அந்தப் பெயர் ஆயுசுக்கும் போகாது, நிச்சயமே நின்றாலும் நிற்கும். எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் கழுத்து ஆட மாட்டேன் என்கிறது. அந்தப் பக்கம் கட்சிக்கொடி கட்டின ஒரு கறுப்பு வண்டி வரிசையை மீறி முன்னால் வந்து மூக்கை நுழைத்தது. நில புரோக்கர் நாய், என்று வாய்க்குள் வந்தது. வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. அது சென்னியப்பன் குரல். வண்டியைப் பார்த்து ஆளை எடைபோடும் அதே வாய் தனக்கும் இருக்கிறது. அந்த எண்ணம் கோபத்தைக் குறைக்கவில்லை, ஏற்றிவிட்டது.

கூட்ஸ் போய் முடிந்தும் கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு ரயில் வருகிறதாம். ஆட்கள் வண்டியை விட்டு இறங்கி நின்றார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மாள் வண்டிகளுக்கு இடுக்கில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். அரக்குப் பட்டு, கையில் தண்ணீர் பாட்டில். ரங்கநாயகி, மாப்பிள்ளை தரணீஷின் அம்மா. அவர்களும் இதே கேட்டில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

"தூரத்துலயே வண்டி தெரிஞ்சுதுங்க சம்பந்தி," என்றாள் ரங்கநாயகி. "வெயில்ல இப்படி உக்காந்திருக்கீங்களே. மொதல்ல தண்ணி குடிங்க. மூச்சு பரவால்லீங்களா?"

இதோ வந்துவிட்டது. மண்டபம் வரைகூடக் காத்திருக்கவில்லை. கலாமணி பாட்டிலை வாங்கினாள், குடித்தாள், தலையாட்டவில்லை. ரங்கநாயகி பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குனிந்து, கதவின் மேல் கையை வைத்து, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அந்த டாக்டர் யாருங்க?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"எனக்கும் மூடின வண்டி ஒத்துக்கறதில்லீங்க. இவரு ஏசியப் போட்டுட்டுக் கண்ணாடிய எறக்கவே விடமாட்டாரு, தூசி வருங்கறாரு. நான் பின்னாடி சீட்டுல சேலை முந்தானைய மூக்குல வெச்சுட்டே வருவேன். எத்தனையோ தடவ சொல்லிப் பாத்துட்டேன், காதுலயே போட்டுக்க மாட்டாரு. டாக்டர் சொன்னாக் கேப்பாரு. உங்குளுக்கு எழுதிக் குடுத்த மாதிரி எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுப்பாருங்களா? உங்குளாட்டக் காரெல்லாம் வேண்டாம். கண்ணாடிய எறக்கினாப் போதும்."

கலாமணி அவளைப் பார்த்தாள். சம்பந்தியம்மா என்றால் எப்படி இருப்பாள் என்று அவளும் ஒரு உருவத்தைப் பிடித்து வைத்திருந்தாள், இந்தக் காரைப் பார்த்து முதலில் முகம் சுளித்தவள் இவள்தான் என்று கறுவிக்கொண்டிருந்தாள். நோய் இருந்தால் கேட்கலாம். இரண்டு பேருக்கும் தெரிந்த வழி அது ஒன்றுதான். எழுதிக்கொடுக்க ஒரு டாக்டர் கிடைத்தால் ஒரு கண்ணாடி இறங்கும்.

"டாக்டரெல்லாம் யாருமில்லீங்க," என்றாள். குரல் நினைத்ததைவிடக் கடினமாக வந்தது. "எனக்கு ஒரு நோவும் கெடையாது. புடிச்சிருக்குது, ஓட்டறேன். என் மக பொய் சொல்லியிருக்கா. நீங்க எல்லாம் பேசின பேச்சுக்குப் பயந்துட்டுச் சொல்லியிருக்கா."

ரங்கநாயகிக்குக் கோபம் வரவில்லை. முகம் தொங்கிப்போனது. "டாக்டர் இல்லீங்களா," என்றாள். அப்புறம் அவசர அவசரமாக, "அப்படிச் சொல்லீராதீங்க சம்பந்தி. டாக்டர்தான்னே இருக்கட்டும். புடிச்சிருக்குதுன்னு சொன்னா எங்க வூட்ல எடுபடாதுங்க. நாளைக்கு நானும் உங்களச் சொல்லித்தானே கேக்கணும்," என்றாள்.

அதற்குள் பின்னாலிருந்து அவள் புருஷன் பொங்கியண்ணன் வந்துவிட்டார். மனைவியைக் காணோம் என்று தேடி வந்தவர், காரின் மூக்கிலிருந்து வால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, இரக்கமான குரலை வரவழைத்துக்கொண்டார். "என்னுங்க, மூச்சு இப்பப் பரவால்லீங்களா? பாப்பா எல்லாம் சொல்லுச்சு. நாங்க மொதல்ல வேற மாதிரி நெனச்சுட்டமுங்க, மனசுல வெச்சுக்காதீங்க. நோவுன்னு வந்துட்டா யாரு என்ன பண்ண முடியும்?"

ரங்கநாயகி தரையைப் பார்த்தாள். ஒரு ஆட்டு. ஆட்டிவிட்டால் எல்லாருக்கும் சௌகரியம், இந்தப் பொம்பளைக்கும்கூட. மிருதுளாவின் முகம் வந்தது, அழுது வீங்கின முகம், என்னை மன்னிச்சிரு கண்ணு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது, பயமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாகக் கோபம் இருந்தது. தன் மூச்சுக்கும், பக்கத்தில் நிற்கிறவள் மூக்கில் வைத்துக்கொண்டு வருகிற முந்தானைக்கும் சேர்த்து வந்த கோபம். எதிர்ப்பக்க ரயில் தடதடத்துக்கொண்டு வந்தது. அது போகிறவரை பேச முடியவில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ரயிலையே பார்த்தார்கள். கடைசிப் பெட்டி போனதும் கலாமணி சொன்னாள்.

"எனக்கு நோவே இல்லீங்க. பாப்பா சொன்னது பொய்யி, அவமேல கோவிச்சுக்காதீங்க, பெரியவங்க நம்ம பேச்சு அப்படி. ஆசைக்கு வாங்கினேன், ஆசைக்கு ஓட்டறேன். உங்க சம்சாரத்துக்கும் காத்து வேணுமாம். என்கூட வரட்டும்."

பொங்கியண்ணன் மனைவியைப் பார்த்தார். "காத்தா? எதுக்கு? நம்ம வண்டியிலதான் ஏசி இருக்குதே. வா, கேட்டு தொறக்கறான்."

கேட்டுக்கம்பம் மேலே போய்க்கொண்டிருந்தது. அத்தனை வண்டிகளும் ஒரே சமயத்தில் உறுமின. பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ரங்கநாயகி தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க போய் வண்டிய எடுங்க," என்றாள் புருஷனிடம். "பின்னாடி எல்லாரும் நம்மளால நிக்கறாங்க."

பொங்கியண்ணன் அங்கேயே நின்றார். அவள் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், கதவை எப்படித் திறப்பதென்று தெரியாமல் தடவினாள். கலாமணி எட்டித் திறந்துவிட்டாள். சேலையைச் சுருட்டிக்கொண்டு, தாழ்வான சீட்டில் தடுமாறி விழுந்த மாதிரி உட்கார்ந்தாள் ரங்கநாயகி. மண்டபத்தில் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கலாமணிக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"பெல்ட்டைப் போடுங்க," என்று அதட்டினாள்.